புதுப்பிப்பு: 60 நொடியில் அறுந்த வெப்சாக்கெட்

யாரும் பேசாமல் இருந்தால் எங்கள் அரட்டைச் செயலியின் வெப்சாக்கெட் இணைப்பு (உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையே திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) சரியாக 60 நொடியில் அறுந்துவிடுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். என் நிரலைத்தான் சந்தேகித்து இரண்டு இரவு விழித்தேன். காரணம், இரண்டுக்கும் நடுவில் நின்று தரவைக் கடத்தும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளில் நான் மாற்றாமல் விட்ட அமைப்பு: சேவையகத்திலிருந்து 60 நொடி ஒரு பைட்கூட வராவிட்டால் அது இணைப்பை மூடிவிடும்.

அந்த 60 நொடிக் கெடுவை ஒரு மணி நேரமாக நீட்டலாம். ஆனால் செத்த இணைப்புகளும் தேங்கும் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது சேவையகம் 25 நொடிக்கு ஒருமுறை பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்புகிறது, உலாவி தானாகவே பாங் என்ற பதிலைத் திருப்புகிறது. வெப்சாக்கெட்டின் தர ஆவணமாக 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6455இன் பிங்-பாங் ஏற்பாடு இது. (உலாவியின் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து பிங் அனுப்ப வழியே இல்லை. அதைத் தேடி ஒரு மாலை போயிற்று.)

நேற்றிரவு திறந்து வைத்த தாவல் காலையிலும் உயிரோடு இருந்தது. கைபேசித் திரை அணைந்தால் மட்டும் இன்னும் அறுகிறது. அதற்கு மறுஇணைப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.