ரூம் வாடகையால் போன 39,000

ஓசூரிலிருந்து:
மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக என் அனுபவத்தைச் சொல்றேன். போன ஜூன்ல என் மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். ஃபேமிலி பாலிசி எடுத்து மூணு வருஷம் ஆச்சு, கல்லுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பணம் தருவாங்க, அந்தக் காத்திருப்பும் முடிஞ்சிருந்தது. 3 லட்சம் கவரேஜ், கேஷ்லெஸ், அதாவது ஆஸ்பத்திரிக்கு கம்பெனியே நேரா பணம் கட்டிடும். தைரியமாத்தான் போனோம்.

அட்மிஷன்ல "தனி ரூமா, ஷேரிங்கா?"ன்னு கேட்டாங்க. அவ வலியில துடிக்கிறா. தனி ரூம்னு சொல்லிட்டேன். ஒரு நாளைக்கு 6,000. பாலிசியில ரூம் வாடகைக்கு ஒரு நாளைக்குக் கவரேஜ்ல 1 சதவீதம், அதாவது 3,000தான்னு தெரியும். மூணு நாளைக்கு 9,000 கைக்காசு, போகட்டும்னு நினைச்சேன்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருந்த பொண்ணு பில்லை என் பக்கம் திருப்பி வச்சு, டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங்னு ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் பேனாவால பாதித் தொகையை எழுதிக் காட்டுச்சு. ரூம் வரம்பைத் தாண்டினா இதையெல்லாமும் அதே விகிதத்துல குறைப்பாங்களாம். அந்த 60,000ல 30,000தான் வந்துச்சு. மருந்து, டெஸ்ட் 22,000 மட்டும் முழுசா. லட்ச ரூபா பில்லுல 39,000 என் தலையில. மாமனார் காவேரிப்பட்டணம் மண்டியில மாங்காய்க்கு வர வேண்டிய பணத்தை வாங்கிக்கிட்டு பஸ் ஏறி வந்தார். மஞ்சப்பையை நீட்டினப்ப அவர் முகத்தைப் பார்க்க முடியல.

ஆனாலும் மிச்ச 61,000 பாலிசி கொடுத்ததுதான். அதுவும் இல்லைன்னா யார்கிட்ட போய் நின்னிருப்பேன்? கண்டிப்பா எடுங்க. ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கான்னு ஏஜென்ட்டை விடாம கேட்டுட்டு எடுங்க.

பாலக்கோட்டிலிருந்து:
அண்ணா, எங்களுக்குத் தக்காளி வெள்ளாமை. பிரீமியம் கட்ற நிலைமை இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் அப்பாவைக் காப்பாத்துச்சு. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட தருமபுரி கலெக்டர் ஆபீஸ் போய்ப் பதிஞ்சோம். "பழம் பறிக்கிற நாள்ல இது தேவையா"ன்னு அப்பா வழியெல்லாம் சத்தம் போட்டார். ஏழே மாசத்துல நெஞ்சுவலி, ஸ்டென்ட். ஒரு ரூபா கட்டலண்ணா.

ஓசூரிலிருந்து:
அப்பா நல்லா இருக்கட்டும் தம்பி. நான் ரினியூவல்ல ரூம் வரம்பு இல்லாத வேற கம்பெனி பாலிசிக்கு மாத்திட்டேன், இதை போர்ட் பண்றதுன்னு சொல்வாங்க. காத்திருந்த வருஷங்களும் கூடவே வந்துடுச்சு. பிரீமியம் கூடுதல்தான், ஆனா 2025 செப்டம்பர் 22லேர்ந்து அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது. மாமனார் பணத்துல இன்னும் 14,000 பாக்கி. அடுத்த மாங்கா சீசனுக்குள்ள கொடுத்துடுவேன்.