பட்டியலில் இருக்கும் கோப்பு, பெயர் சொல்லிக் கேட்டால் 404: எஸ்3-இல் தமிழ்ப் பெயர்கள்

கேள்வி: ஏட்டுப்பெட்டி

வணக்கம். பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து, ஏறத்தாழ 4,200 பிடிஎஃப் கோப்புகளாக அமேசானின் இணையச் சேமிப்பகமான எஸ்3-இல் ஒரே பக்கெட்டில் (கோப்புகளை வைக்கும் தொகுப்பில்) வைத்திருக்கிறேன். கட்டுரைத் தலைப்பையே தமிழில் கோப்பின் பெயராக இட்டேன். பைத்தானில் போட்டோ3 (boto3) என்னும் அமேசான் நூலகம் வழியாகப் பட்டியல் கேட்டால் எல்லாக் கோப்புகளும் வருகின்றன. ஆனால் தரவுத்தளத்தில் உள்ள தலைப்பைக் கொண்டு அதே கோப்பைக் கேட்கும்போது சிலவற்றுக்கு மட்டும் 404 (அப்படி ஒரு கோப்பு இல்லை என்ற பிழை) வருகிறது. ‘மலர்’, ‘நிலம்’ ஆகியவை தடையின்றித் திறக்கின்றன. ‘கோயில்’, ‘பொங்கல்’, ‘சோழர்’ ஆகியவை திறக்க மறுக்கின்றன. இரண்டு பெயர்களையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட வேறுபடவில்லை. எஸ்3-இல் எழுதியது தாமதமாகத் தெரியும் பழைய நிலை 2020 டிசம்பரிலேயே மாறிவிட்டதால் அதையும் காரணமாகச் சொல்ல முடியவில்லை. கோப்புகளில் ஒரு பகுதியைப் பழைய மேக் கணினி ஒன்றிலிருந்து ஏற்றினேன் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுமொழி: பைட்டெண்ணி

உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. திறக்க மறுக்கும் பெயர்கள் எல்லாவற்றிலும் ஒகர, ஓகார உயிர்மெய் வருவதைக் கவனியுங்கள். ‘கோ’ என்பதை யூனிகோடில் ககரத்தையும் ஓகாரக் குறியையும் சேர்த்து இரண்டு குறியெண்களாக (எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனியே உரிய எண்களாக) எழுதலாம். ககரம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டுகளைப் பிடிப்பதால், முதலாவது 6 பைட்டுகள், இரண்டாவது 9 பைட்டுகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக் கணினிகளின் பழைய வட்டு வடிவமான ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது; அங்கிருந்து ஏற்றிய கோப்புகளுக்கு அந்த வடிவமே பெயராக நிலைத்துவிட்டது. எஸ்3 பெயரை வெறும் பைட் வரிசையாகவே பார்க்கிறது, அதைச் சீராக்குவதில்லை. ஒரு பெயரை பைட்டுகளாக அச்சிட்டு எண்ணிப் பாருங்கள், ஐயம் தீர்ந்துவிடும்.

மறுமொழி: கிடங்குக்காரர்

மேலே சொன்னதே சரி. திருத்தும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் நான் ஒருமுறை சூடுபட்டேன்.

பொதுப்பயன் பக்கெட்டில் பெயர் மாற்றம் என்று தனியாக ஒரு கோரிக்கை கிடையாது. புதிய பெயரில் படியெடுத்து, பழையதை நீக்க வேண்டும். பட்டியல் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1,000 பெயர்களையே தரும் என்பதால், தொடர்ச்சிக் குறியீட்டை வைத்து ஐந்து பக்கங்களையும் வாங்கி, ஒவ்வொரு பெயரையும் பைத்தானின் யூனிகோட்டேட்டா நூலகத்தின் மூலம் என்எஃப்சி என்னும் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றி, மாறிய பெயர்களை மட்டும் தனியே எடுங்கள். படியெடுக்கும் முன், புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறதா என்று, கோப்பை இறக்காமலே விசாரிக்கும் ஹெட் கோரிக்கையால் பார்த்துவிடுங்கள். இருந்தால், அது சத்தமில்லாமல் மேலெழுதப்பட்டுவிடும். ஒரே கோரிக்கையில் படியெடுக்க 5 ஜிபி வரை இடமுண்டு, உங்கள் பிடிஎஃப்களுக்கு அது தாராளம்.

நீக்கும்போதுதான் கவனம் தேவை. இல்லாத பெயரை நீக்கச் சொன்னாலும் எஸ்3 204 (வேலை முடிந்தது) என்றே பதில் தரும். நான் பட்டியலில் வந்த பெயரைக் கொடுக்காமல், என் நிரலில் தட்டச்சு செய்த பெயரைக் கொடுத்து நீக்கினேன்; எல்லாவற்றுக்கும் 204 வந்தது, ஒரு கோப்பும் போகவில்லை. நிரல் எதிர்மாறாகத் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணினால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. ஆகவே முதலில் பக்கெட்டில் வெர்ஷனிங்கை (பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் வசதியை) இயக்கிவிடுங்கள். பிறகு நீக்கினாலும் நீக்கக் குறி மட்டுமே விழும், பழைய கோப்பு மீட்கும் நிலையில் இருக்கும்.

இன்னொன்று: தலைப்பைப் பெயராக வைக்கும் வழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. பெயருக்கு 1,024 பைட்டுகள்தான் எல்லை, தமிழில் அது 341 குறியெண்களோடு முடிந்துவிடும். எண்ணைப் பெயராக வைத்து, தலைப்பைத் தரவுத்தளத்தில் வையுங்கள். பதிவிறக்கும்போது தமிழ்ப் பெயர் வேண்டுமானால், கையொப்பமிட்ட (தற்காலிக அனுமதி கொண்ட) இணைப்பிலேயே, இறக்கும் கோப்பின் பெயரைச் சொல்லும் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் என்னும் ஹெடரை மாற்றிக் கொடுக்க முடியும்.

ஏட்டுப்பெட்டி

மிக்க நன்றி. எண்ணிப் பார்த்தேன்: ‘கோயில்’ தரவுத்தளத்தில் 18 பைட்டுகள், பக்கெட்டில் 21. வெர்ஷனிங்கை இயக்கிவிட்டுப் படியெடுத்தேன். ஏறக்குறைய எல்லாமே இப்போது திறக்கின்றன. ஆனால் ‘கௌரவம்’ என்று தொடங்கும் இரண்டு கோப்புகள் மட்டும் இன்னும் 404 தருகின்றன. என்எஃப்சி அவற்றைத் தொடவே இல்லை.

பைட்டெண்ணி

அவற்றை ஏற்றியவர் ஔகாரக் குறியை இடாமல், ‘கெ’ போட்டு அடுத்து ளகரத்தைத் தட்டியிருப்பார். அது எழுத்துப்பிழை, யூனிகோடைப் பொறுத்தவரை ‘கெளரவம்’ என்பது முற்றிலும் வேறு சொல். எந்தச் சீராக்கமும் அதைப் பிடிக்காது, அந்த இரண்டையும் கையால்தான் மாற்ற வேண்டும். கையோடு கையாக, ‘ரா’ வரும் இடங்களில் யாராவது துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை இட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஏட்டுப்பெட்டி

ளகரமேதான். தட்டியவன் நானே. ரகரம் நான்கு இடங்களில் அகப்பட்டது.