‘ஜகாட்’ அப்போய் கெட்டுப்போனதுக்கு யார் பொறுப்பு?

செந்தூல்வாசி

போன வாரம் ‘ஜகாட்’ படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வந்த நம் மலேசியத் தமிழ்ப் படம். கதை நடப்பது 1990களின் தொடக்கத்தில். தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்குக் கம்பத்தில் (அனுமதியில்லாக் குடியிருப்பில்) ஒண்டிய குடும்பம். 12 வயது அப்போய் வாலுப் பையன். அப்பா மணியம் அவனை எப்படியாவது படிக்க வைத்துவிடத் துடிக்கிறார், அதற்காகவே அடிக்கவும் செய்கிறார். இன்னொரு பக்கம் அவன் உறவுக்காரர்கள்: குண்டர் கும்பலில் இருக்கும், ‘மெக்சிகோ’ என்று பட்டப்பேர் கொண்டவன், போதையில் விழுந்து எழுந்த பாலா.

இதை ‘பையன் கெட்ட கதை’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1961-இல் ‘முழுமை நிறுவனம்’ என்று ஒன்றைச் சொன்னார். தூக்கம், வேலை, பொழுதுபோக்கு எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் இடம். சிறை, மனநல விடுதி, இராணுவ முகாம். நம்முடைய கித்தா (ரப்பர்) தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். லயத்து வீடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடு, நிர்வாகத்துடையது. விடியலில் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால்தான் வேலை. ஆயக்கொட்டகை (அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கோயில், கள்ளுக்கடை எல்லாம் அதே வேலிக்குள். பள்ளிக்கூடமும் அப்படித்தான்: பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம்.

அந்தத் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது வேலை மட்டும் போகவில்லை. வீடு, பள்ளி, கோயில், பக்கத்து வீட்டு அத்தை என்று எல்லாம் ஒரே நாளில் போனது. அப்போய் வளர்வது அந்த வெற்றிடத்தில். கும்பல் அதை நிரப்புகிறது. பேர் தருகிறது, அண்ணன் தருகிறது, மரியாதை தருகிறது.

புக்கிட் மெர்தாஜாம் வாத்தியார்

மகளே, நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தோட்டத்தைச் சிறையோடு சேர்த்து வைப்பது அங்கே வாழ்ந்தவர்களைச் சின்னதாக்குவது. என் அம்மா பால்மரம் சீவியவர். துரை கட்டிக் கொடுத்ததற்குள் மட்டும் நாங்கள் வாழவில்லை. திருவிழாவை நாங்கள் நடத்தினோம். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954-இலேயே வந்துவிட்டது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டினான், அந்தக் காசில் தோட்டமே வாங்கினார்கள். நிறுவனம் என்றால் மேலேயிருந்து வருவது மட்டும்தானா? கீழேயிருந்து கட்டியதை உன் கோஃப்மன் எந்தக் கணக்கில் எழுதுவார்?

இன்னொன்று. 30 வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தினேன். இரண்டு பையன்கள்: ஒரே லயம், ஒரே வகுப்பு, ஒரே மாதிரிக் குடிகார அப்பன். ஒருவன் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பொறியாளர். இன்னொருவன் சிறைக்குள்ளே. எல்லாம் சமூகத்தின் தப்பு என்றால், முதல் பையன் இரவு பன்னிரண்டு மணிவரை மண்ணெண்ணெய் விளக்கில் படித்ததற்கு என்ன மரியாதை?

செந்தூல்வாசி

கூட்டுறவுச் சங்கத்தை நான் விட்டது பிழைதான் சார். அது என் வாதத்தையும் திருத்துகிறது.

ஆனால் அந்த இரண்டு பையன்களை எடுத்துக்கொள்வோம். படித்தவனுடைய உழைப்பை யாரும் மறுக்கவில்லை. பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் 1972-இல் வந்தது. பினாங்குப் பிள்ளைகளுக்குப் படிப்பு முடிந்ததும் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல் இல்லாத ஊர்ப் பையன் அதே விளக்கில் படித்திருந்தால்? ஒருவன் தாண்டினான் என்பதற்காக மதில் இல்லை என்று ஆகிவிடாதே.

படத்தின் தலைப்பையே பாருங்கள். மலாய் ‘ஜாஹாட்’, கெட்டது என்று பொருள். நம் வாயில் அது ஜகாட் ஆனது. எங்கள் வீட்டில் பாட்டி என்னைக் கொஞ்சிக்கொண்டே ‘ரொம்ப ஜகாட் இவ’ என்பார். அதே சொல்லைக் கட்டொழுங்கு ஆசிரியர் வகுப்பு முன்னால் சொன்னால் அது வேறு சொல். ஹோவர்ட் பெக்கர் 1963-இல் சொன்னது இதுதான்: ஒரு செயலை ‘கெட்டது’ ஆக்குவது செயல் மட்டுமல்ல, அந்தப் பேரை ஒட்டுகிறவரும் அது ஒட்டிக்கொள்வதும்தான். அப்போயின் குறும்பு முதலில் வெறும் கற்பனை. அந்தக் கற்பனைக்குப் பள்ளியில் இடம் இருந்திருந்தால் அவனுக்கு வேறு பேர் கிடைத்திருக்கும்.

இந்தப் படத்துக்கே அது நடந்ததே! 2016 மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியல்லாத படங்களுக்கென்று தனிப் பிரிவு வைத்து இதை அங்கே தள்ளினார்கள். மலாய்க் கலைஞர்களே எதிர்த்தார்கள். பிரிவை மாற்றினார்கள், கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படமாக ‘ஜகாட்’ தேர்வானது. பேரை மாற்றியதும் படம் ‘மலேசியப் படம்’ ஆகிவிட்டது. படத்துக்குள் ஒரு காட்சிகூட மாறவில்லை.

செலாயாங் லோரிக்காரன்

நான் படிக்காதவன், ஆனா இதுல எழுதணும்னு தோணுச்சு. நீங்க ரெண்டு பேரும் அடையாளம் அடையாளம்னு சொல்றீங்க. எனக்கு அடையாளம்னா ஐசி, அடையாள அட்டை. எங்கம்மா தோட்டத்துலதான் பொறந்தாங்க, பொறப்புப் பத்திரம் எடுக்கல. சாகுற வரைக்கும் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குறது. என் கூட்டாளி ஒருத்தனுக்கு அதுகூட இல்ல. பதினாலு வயசுல ஸ்கூலை விட்டான். அவனைக் கேள்வி கேக்காம சேத்துக்கிட்டது ஒரே ஒரு இடம்தான். அது எந்த இடம்னு நான் சொல்லத் தேவையில்ல.

வாத்தியார் ஐயா, உங்க மேல கோவம் இல்ல. படிச்சு மேல வந்தவங்களை எனக்கும் பிடிக்கும். ஆனா அவன் சோம்பேறி இல்ல ஐயா.

பிறை நர்ஸ்

இவ்வளவு பேச்சிலும் அப்பா, அண்ணன், வாத்தியார், தலைவர். அம்மா எங்கே? குடும்பமும் ஒரு சமூக நிறுவனம்தானே. அப்போயின் அம்மா படம் முழுக்க அப்பாவின் அடிக்கும் பையனுக்கும் நடுவில் நிற்கிறார். தோட்டம் போன பிறகு ஆயக்கொட்டகையும் போனது. பிள்ளை பார்க்கும் அந்த வேலை முழுவதும் யார் தலையில் விழுந்தது? ஆயக்கொட்டகை இல்லாத இடத்தில் என் அம்மா என்னை எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை இரவு வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுப்போவார். கும்பலுக்குப் போன ஆண் பிள்ளைகளைப் பற்றி நிறைய எழுதுகிறோம். அதே கம்பத்தில் வளர்ந்த பெண் பிள்ளைகள் ஏன் குடும்பத்தைத் தாங்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. செந்தூல்வாசி, உங்கள் ‘வெற்றிடம்’ எங்களுக்கும் அதே வெற்றிடம்தான்.

செந்தூல்வாசி

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை அக்கா. கும்பல் வெற்றிடத்தை நிரப்புகிறது என்று எழுதினேன், ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று எழுதியிருக்க வேண்டும். வெளியே சுற்றும் சுதந்திரம் அவனுக்குத்தான். பெண்ணை வீடு இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அது காப்பாற்றுவதா, சுமை ஏற்றுவதா என்று அம்மாவின் காட்சிகளை மட்டும் வைத்து மறுபடி பார்க்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாம் வாத்தியார்

லோரிக்காரத் தம்பிக்கு: உங்கள் கூட்டாளியை நான் சோம்பேறி என்று சொல்லவில்லை. ஆனால் என் பதிவைத் திரும்பப் படித்தேன், அப்படித்தான் கேட்கிறது. வருத்தப்படுகிறேன்.

படத்தைப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. தமிழ்ப் பையன் என்றால் கும்பல் என்று வெளியே இருக்கிறவன் ஏற்கெனவே நினைக்கிறான். நாமே அதைப் பெரிய திரையில் காட்டினால் மணியத்தின் பக்கமும் அதே அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும். அந்த மனிதன் அடிப்பது பயத்தில். வேறு எந்தச் சொத்தும் இல்லாதவன் கையிலிருந்த ஒரே நம்பிக்கை புத்தகம்.

செந்தூல்வாசி, அந்த ஜகாட் விஷயம். மாணவர் பதிவேட்டில் நடத்தை என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு பையனுக்கு நாலாம் ஆண்டிலேயே ‘அடங்காதவன்’ என்று எழுதினேன். அந்த ஏடு அவனோடு ஐந்துக்கும் ஆறுக்கும் போனது. அடுத்த ஆசிரியர்கள் அவனைப் பார்க்கும் முன்பே என் கையெழுத்தைப் பார்த்திருப்பார்கள்.