மாருதி 800 (1997, கார்புரேட்டர்): பெட்ரோல் ஓஸ் கசியுது, எந்த ஓஸ் வாங்கிப் போடறது?

நெல்லை800:
வணக்கம். அப்பா வாங்கின 1997 மாடல் 800, இன்னும் வீட்ல ஓடிட்டிருக்கு. கொஞ்ச நாளா பானட்டைத் திறந்தாலே பெட்ரோல் வாடை. எஞ்சின் ஓடும்போது டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போற ஓஸ்ல, கிளிப்புக்குப் பக்கத்துல ஈரம். தூசி ஒட்டி கறுப்பா படிஞ்சிருக்கு. காலைல ஸ்டார்ட் பண்ண முன்னைவிட ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கு.

பக்கத்து ஒர்க்‌ஷாப்ல பைக்குக்குப் போடற டிரான்ஸ்பரன்ட் டியூபைப் போட்டுக்கலாம்னு சொன்னாங்க. ஸ்பேர் கடையில எழுத்தே இல்லாத ஒரு கறுப்பு ஓஸை மீட்டர் கணக்குல தர்றாங்க. எதை நம்பறது? இதை வீட்லயே மாத்தலாமா? ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு நாங்குநேரி போகணும்.

கோவை_கார்ப்:
முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் ப்ரோ, ஓஸ் மாத்தற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. நாங்குநேரிக்கு பஸ்ல போங்க. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி குளிர்லயே பத்திக்கும். காற்றைவிட கனம்கிறதால கலைஞ்சு போகாது, கீழே இறங்கி எஞ்சின் ரூம்லயே தங்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் ஒயரும் அங்கேயேதான் இருக்கு. பழைய ஒயர்ல ஒரு பொறி கிளம்பினாலே போதும்.

டிரான்ஸ்பரன்ட் டியூப் வேண்டவே வேண்டாம். எஞ்சின் சூட்டுல அது இளகும், கொஞ்ச மாசத்துல மஞ்சளாகி விறைச்சு கிளிப்புக்கு அடியில வெடிக்கும். கசியற இடத்துல பசை தடவறதும் நிக்காது.

எழுத்து இல்லாத ஓஸும் வேண்டாம். ஓஸ் மேல நீளவாக்குல எஸ்ஏஇ ஜே30 ஆர்7 இல்லன்னா ஆர்9னு அச்சு இருக்கணும், அது பெட்ரோல் ஓஸுக்கான தரக் குறியீடு. கார்புரேட்டர் வண்டிக்கு ஆர்7 தாங்கும். அது தாங்கற அழுத்தம் 50 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கற அலகு), நம்ம மெக்கானிக்கல் பம்ப் கொடுக்கறது 3லிருந்து 5 பிஎஸ்ஐதான். ஆனாலும் நான் ஆர்9 வாங்கச் சொல்வேன். காரணம் அழுத்தம் இல்ல, எத்தனால். 2022லயே பெட்ரோல்ல 10 சதவீதம் வந்தாச்சு, இப்ப பங்க்ல கிடைக்கறது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். 1997ல போட்ட நைட்ரைல் ரப்பர் அதுக்காகச் செஞ்சதில்ல. ஊறி உப்பும், அப்புறம் காய்ஞ்சா வெடிக்கும். ஆர்9 ஓஸோட உள்சுவர் ஃப்ளோரோ ரப்பர், எத்தனாலை நல்லா தாங்கும். விலை கூடதான், ஆனா நமக்கு வேணுங்கறது கொஞ்ச நீளம்தானே.

ஜென்_2004:
என்னோடது எம்பிஎஃப்ஐ வண்டி (கார்புரேட்டர் இல்ல, இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சற வகை). நான் 8 மி.மீ. ஆர்7 போட்டு நல்லா ஓடுது. ஆர்9 எல்லாம் தேவையில்லாத செலவு.

கோவை_கார்ப்:
ஜென் நண்பரே, உங்க வண்டிக்குத்தான் ஆர்9 கட்டாயம் வேணும். இன்ஜெக்‌ஷன் லைன்ல அழுத்தம் 40 பிஎஸ்ஐ பக்கத்துல நிக்கும். ஆர்7ஓட எல்லையை அது கிட்டத்தட்ட தொட்டுடுது. அங்க கசிஞ்சா சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். தயவுசெஞ்சு மாத்திடுங்க. திருகு கிளிப்பையும் எடுத்துட்டு, ஓரம் மடிச்ச இன்ஜெக்‌ஷன் கிளிப் போடுங்க.

பழைய_ஃபோர்மேன்:
தம்பி நெல்லை, காலையில் செல்ஃப் அதிகம் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போவது தள்ளும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது ஈரம் தெரியும். உங்கள் கண்ணில் பட்டது அது. டேங்கிலிருந்து பம்ப்புக்கு வருவது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓஸ் வெடித்தால் பெரும்பாலும் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். டேங்க் தாழ்வாக இருப்பதால் ராத்திரியில் லைனில் நிற்கும் பெட்ரோல் பின்னால் இறங்கிவிடும். காலையில் பம்ப் மறுபடி முழு லைனையும் இழுத்து நிரப்ப வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் இப்படி ஆகும், ஆனால் அது பல நாள் நிறுத்திய வண்டிக்கு. தினம் ஓடும் வண்டியில் முதலில் உறிஞ்சும் ஓஸைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே ஈரம் தெரிந்த ஒரு துண்டை மட்டும் மாற்றாதீர்கள். ஒரே வயது ரப்பர், எல்லாம் ஒரே நிலையில்தான் இருக்கும். டேங்க் பக்கம், பம்ப்புக்கு முன்னும் பின்னும், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன், அத்தனையும் மாற்றுங்கள். கூடவே ஃபில்டரும்.

இன்னொன்றும் பாருங்கள். பம்ப்பின் உடம்பில் சின்ன ஓட்டை இருக்கும். அங்கே ஈரம் என்றால் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது. ஆயில் கேஜை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலும், ஆயில் மட்டம் ஏறியிருந்தாலும் பம்ப்பையே மாற்ற வேண்டும். அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டக் கூடாது.

நெல்லை800:
ரொம்ப நன்றி சார். வண்டியை நிறுத்திட்டேன். பம்ப் ஓட்டை காய்ஞ்சிருக்கு, ஆயில்ல வாடை இல்ல. அம்மாவும் பஸ்ஸுக்குச் சரின்னுட்டாங்க. டவுன்ல ஒரு கடையில ஆர்9 அச்சோட இருக்கு. ஓஸ் சைஸுக்கு பழைய ஓஸை வெட்டி எடுத்துட்டுப் போய்க் காட்டினா போதுமா?

பழைய_ஃபோர்மேன்:
போதாது தம்பி. பழைய ஓஸ் ஊறி உப்பியிருக்கும், அதன் உள் விட்டம் பொய் சொல்லும். இரும்புக் குழாயின் வெளி விட்டத்தை வெர்னியர் வைத்து அளங்கள். நுனியில் புடைப்பு இருக்கும், அதை விட்டு நேரான பகுதியில் அளக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக அளங்கள். ரிட்டர்ன் குழாய் சிறியதாக இருக்கலாம்.

வேலையை வெளியே திறந்த இடத்தில், எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். டேங்க் மூடியை ஒருமுறை திறந்து அழுத்தத்தை விடுங்கள். மதிய வெயிலில் நின்ற வண்டியில் டேங்க் காற்றே பெட்ரோலைத் தள்ளும். பவுடர் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வடியும் பெட்ரோலைத் தகர டப்பாவில் பிடியுங்கள். கழற்றும் முன் எந்த ஓஸ் எங்கே என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓஸ் ஒட்டிப்போயிருக்கும். பிளேயரால் பிடித்துத் திருகினால் கார்புரேட்டரின் பித்தளை முனை ஆடிவிடும், பிறகு அதைச் சரிசெய்வது பெரிய வேலை. பிளேடால் ஓஸை நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். குழாயில் பிளேடு கீறல் விழக் கூடாது. புது ஓஸைக் கூரிய பிளேடால் நேராக வெட்டுங்கள். ஹேக்சா போட்டால் ரப்பர் தூள் உள்ளே போய் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையை, அடைக்கும். கிளிப்பை முதலில் மாட்டிவிட்டு ஓஸைப் புடைப்பைத் தாண்டி ஏற்றுங்கள். கிளிப் புடைப்பைத் தாண்டி, குழாயின் நேரான பகுதியில் உட்கார வேண்டும். ரப்பர் பிதுங்கும் வரை முறுக்காதீர்கள். உங்கள் பழைய ஓஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் கசிவதற்கும் அந்த முறுக்குதான் காரணமாக இருக்கும்.

ஜென்_2004:
நானும் நேத்து ஓஸை மாத்திட்டேன். தகவலுக்கு நன்றி. டேங்குக்குள்ள பம்ப் பக்கத்துலயும் ஒரு துண்டு ஓஸ் இருக்கே, அதுக்கும் ஆர்9 சரியா?

கோவை_கார்ப்:
இல்லீங்க. பெட்ரோல்ல மூழ்கி இருக்கற ஓஸுக்கு ஆர்10. ஆர்9ஓட வெளிச்சுவர் பெட்ரோல்ல ஊறறதுக்குச் செஞ்சதில்ல, கெட்டுப்போகும்.

நெல்லை800:
வேலை முடிஞ்சுது. டேங்க் பக்கத்து ஓஸை மடக்கிப் பார்த்தா கிளிப்புக்கு அடியில சுத்திலும் வெடிப்பு, வெளிய ஈரமே இல்ல. ஃபோர்மேன் சார் சொன்னது அப்படியே. எல்லா ஓஸும், கிளிப்பும், ஃபில்டரும் புதுசு. தம்பி செல்ஃப் அடிக்க, நான் ஒவ்வொரு இணைப்பிலயும் டிஷ்யூ பேப்பர் வெச்சுப் பார்த்தேன், எல்லாம் காய்ஞ்சே இருந்துச்சு. இன்னிக்குக் காலைல சட்டுனு ஸ்டார்ட் ஆயிடுச்சு. பானட்ல வாடை இல்ல. ஆனா டேங்க் ஃபுல் பண்ணப்ப பின்பக்கம் லேசா வாடை வருது சார்.

பழைய_ஃபோர்மேன்:
நல்லது தம்பி. பின்பக்கம் பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த ஓஸைப் பாருங்கள், அதோடு ஒட்டிப் போகும் மெல்லிய காற்று ஓஸையும். அவையும் 1997 ரப்பர்தான். மாற்றும் வரை டேங்கை அரைக்கு மேல் நிரப்ப வேண்டாம். கொஞ்சம் ஓட்டி எஞ்சின் சூடேறி ஆறிய பிறகு எல்லா கிளிப்பையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், புது ரப்பர் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பெட்ரோல் துடைத்த துணிகளை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே காற்றில் காயப் போடுங்கள்.