மண்ணில் இட்ட நானோ துத்தநாகம்: தொட்டியிலும் வயலிலும் கண்டது

ஆய்வு மாணவி, கோவை:

இரண்டு ஆண்டுகள் தொட்டிகளுக்கு நடுவிலேயே வாழ்ந்தேன். பாதித் தொட்டிகளில் கூடலூர்ப் பக்கத்து அமிலச் செம்மண், மீதியில் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த கோவைக் கரிசல். எல்லாவற்றிலும் பச்சைப் பயறு. 100 நானோமீட்டருக்கும் சிறிய துத்தநாக ஆக்சைடு துகள்களைக் கிலோ மண்ணுக்கு 500 மில்லிகிராம் வீதம் கலந்தேன். வயலில் யாரும் இடாத அளவுதான். கேடு எப்படித் தெரியும் என்று பார்க்கவே அவ்வளவு இட்டேன்.

செம்மண்ணில் முளைத்த பயறு வெளுத்துப் போனது. ஒரு மாதம் கழித்துப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பார்த்தேன். கட்டையாகப் பழுப்பேறியிருந்தது. பக்கவேர் சரியாக ஓடவில்லை, வேர்முடிச்சுகளும் மிகக் குறைவு. கரிசலில் அதே அளவு இட்ட செடிகளோ பச்சைப் பசேலென்று நின்றன. அமில மண்ணில் துகள் விரைவாகக் கரைந்து துத்தநாக அயனியாகிறது. சுண்ணாம்பு மண் அந்த அயனியை இறுகப் பிடித்துக்கொள்கிறது, செடிக்குப் போவது குறைகிறது.

முடிவை எழுதிக்கொண்டு போனேன். "இதே அளவு துத்தநாகத்தைச் சல்பேட் உப்பாகவும் கொடுத்துப் பார்த்தாயா அம்மா?" என்று வழிகாட்டி கேட்டார். பார்க்கவில்லை. அடுத்த பருவத்தில் அதையும் சேர்த்து வைத்தேன். நானோ துகளே இல்லாத, நீரில் கரைந்துவிடும் சல்பேட் இட்ட செம்மண் தொட்டியிலும் பயறு அதேபோல் வெளுத்தது. துகளின் நுண்மைதான் செடியை வாட்டியது என்று எழுதியிருந்த பக்கங்களை நீக்கினேன். அன்று அழுகை வந்தது, இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.

நெல் விவசாயி, மன்னார்குடி:

நடவு நட்டு மூன்றாம் வாரம் என் பயிரில் பழுப்புப் புள்ளி விழுந்து, தூர் கட்டாமல் குறுகி நின்றது. கடையில் சொன்னார்கள் என்று நானோ துத்தநாகப் புட்டி ஒன்றை வாங்கிப் பாசன நீரில் கலந்துவிட்டேன். பத்து நாள் காத்திருந்தும் பயிர் தேறவில்லை. ஓர் ஏக்கருக்கு அந்தப் புட்டியில் எத்தனை கிராம் துத்தநாகம் இருக்கும் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மண் பரிசோதனைக்குப் பிறகு வேளாண் அலுவலர் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து அடுத்த நடவுக்கு முன் மேலாகத் தூவச் சொன்னார். டி.ஏ.பி. உரத்தோடு கலக்கவே கூடாது என்றார், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) துத்தநாகத்தைக் கரையவிடாதாம். நான் பல ஆண்டுகள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் இட்டு வந்தேன்! வடக்கே பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1966-ஆம் ஆண்டே நெல்லின் இந்த நோய்க்குத் துத்தநாகக் குறைதான் காரணம் என்று கண்டறிந்துவிட்டார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

ஆய்வு மாணவி, கோவை:

ஐயா, நீர் தேங்கிய வயலில் துத்தநாகம் செடிக்கு எட்டாமல் போவது இன்னும் அதிகம். நானோ வடிவம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆந்திர ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட நிலக்கடலைச் சோதனையில், 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) நானோ துத்தநாக ஆக்சைடு கலந்த நீரில் நேர்த்தி செய்த விதைகள் நன்றாக முளைத்து வீரியமாக வளர்ந்தன. 2000 பி.பி.எம். அளவில் வளர்ச்சி குன்றியது. அது விதையில் செய்தது, மண்ணில் இட்டதன்று. அடுத்த முறை வாங்கும்போது புட்டியின் மேல் எழுதியிருக்கும் துத்தநாகச் சதவீதத்தையும், உங்கள் மண் அட்டையில் உள்ள கார அமில நிலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

நெல் விவசாயி, மன்னார்குடி:

அட்டை வீட்டில்தான் இருக்கிறது அம்மா. இன்று மாலை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.