சபைப் பொறுப்புகளை எப்படிக் குறைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது சின்ன நகரம், நடுத்தரமான சபை. எனக்கு 41 வயது, இரண்டு பிள்ளைகள். சபையில் பொருளாளர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், பாடகர் குழுவிலும் இருக்கிறேன். "இதையும் நீங்களே பாத்துக்கோங்க" என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. பிடித்துத்தான் செய்கிறேன்.

போன ஞாயிறு காணிக்கை எண்ணி, கணக்கில் கையெழுத்து வாங்கி வெளியே வரும்போது மணி ஒன்றரை. சின்னவள் கடைசி பெஞ்சில் தூங்கிவிட்டாள். ஒரு செருப்பு காலில், இன்னொன்று தரையில். எனக்குக் காட்டவென்று காலையிலிருந்து வைத்திருந்த படம் கைக்குள் கசங்கி, வியர்வையில் மை கலங்கியிருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது.

வேதாகமத்தில் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மாமனார் எத்திரோ மோசேயிடம் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறாரே, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என்று. ஞாயிறு பள்ளியில் நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்குத்தான் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

பிள்ளைகளின் வகுப்பை விட மனசு வரவில்லை. பொருளாளர் பொறுப்பைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஆண்டு நடுவில் விட்டால் தணிக்கையில் சிக்கல் வருமா? இல்லை, கணக்கு முடியும்வரை ஒருவரைக் கூடவே வைத்துப் பழக்குவது நல்லதா? அப்புறம், போதகர் மனம் நோகாமல் எப்படிச் சொன்னீர்கள்? இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.