30 பேருக்கு ஒடியற் கூழ்: மா, நண்டு, பானைக் கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வரணிப்பெடி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது கனடாவில, ஸ்காபரோவில. ஆவணி (ஓகஸ்ட்) முதல் திங்கள் லீவுக்கு மொன்றியலில இருந்து பெரியப்பா ஆக்கள் வாறினம், எல்லாமாச் சேர்த்து 30 பேர். வருசா வருசம் கோழியைச் சுட்டுச் சுட்டு அலுத்துப்போச்சு, இந்த முறை பின் வளவுக்குள்ள ஒரே பானையில ஒடியற் கூழ் (பனங்கிழங்கு மாவோட நண்டு, மீன், இறால் போட்டுக் காய்ச்சிற எங்கட யாழ்ப்பாணக் கூழ்) காய்ச்சுவம் எண்டு வாயைக் குடுத்தது நான்தான். இப்ப ஆரும் என்னை விடுறதா இல்லை.

எங்கட வீட்டில கூழ் எண்டால் அது அப்பான்ர வேலை. அவருக்கு இப்ப தோள்மூட்டு ஏலாது. பக்கத்தில கதிரை போட்டிருந்து சொல்லித் தருவார், ஆனால் அவற்ற அளவெல்லாம் "ஒரு கை போடு", "காணும் எண்டேக்க நிப்பாட்டு" தான். ஆற்ர கை, எப்ப காணும் எண்டு கேட்டால் கோவம் வருது.

போன கார்த்திகை ஒருக்கா ஆறு பேருக்குச் செய்து பார்த்தன். கூழ் கைச்சுது. பலாக்கொட்டை கல்லு மாதிரி. இறால் ரப்பர். அம்மா "பரவாயில்லை" எண்டா. அம்மா பரவாயில்லை எண்டால் என்ன அர்த்தம் எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும்தானே.

பக்கத்து வீட்டுக்காரர் வான்கோழி பொரிக்கிற காஸ் அடுப்பும் 28 லீற்றர் அலுமினியப் பானையும் தாறன் எண்டவர். அது சரிவருமோ, இல்லாட்டி கோயிலில பெரிய எவர்சில்வர் பானை இருக்கு, கேட்டால் தருவினம். இன்னுமொண்டு, மச்சாள் ஒராளுக்கு நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாது, முகம் வீங்கிப்போடும். மீன் சாப்பிடுவா. அவவுக்கு என்ன செய்யலாம்?

பாசையூரான்:

தம்பி, கோயில் பானையில நண்டு காய்ச்சவோ கேக்கிறீர்? அந்தக் கதையை இதோட விடும்.

அலுமினியமும் வேண்டாம். பழப்புளி கரைச்சு ஊத்திற சாமான், மணிக்கணக்கா அதுக்குள்ள கிடந்தால் ஒரு தகரச் சுவை வரும். மற்றது அதுகளுக்கு அடி மெல்லிசு, மா விட்ட உடனை பிடிக்கும். அடி மொத்தமான எவர்சில்வர் பானை 24 லீற்றரில ஆரிட்டயும் இரவல் கேளும். அடுப்பை மாத்திரம் பக்கத்து வீட்டில வாங்கும்.

நீர் சொன்ன மூண்டு பிழையும் எனக்குப் பழக்கமான பிழைகள். எங்கட ஆச்சி இருக்கும் மட்டும் கூழ்ப் பானைக்குக் கிட்ட எங்களை விட்டதில்லை, அவ போன பிறகு நான் முதல் காய்ச்சின கூழை நாய்கூட மணந்துபோட்டுப் போயிட்டுது.

கைப்பு மாவில இருந்து வாறது. பனங்கிழங்கை அவிக்காமல் பச்சையாக் கிழிச்சு வெய்யிலில காயவைச்சால் ஒடியல். அவிச்சுக் காயவைச்சால் புழுக்கொடியல். கடையில ரெண்டு மாவும் பக்கத்தில பக்கத்தில கிடக்கும், பேரை வாசிச்சு எடும். கூழுக்கு ஒடியல் மாதான், ஆனால் பச்சையாக் காஞ்ச படியால் கைப்பெல்லாம் அதுக்குள்ளேயே நிக்கும். தண்ணியைத் தவிர அதுக்கு வேற மருந்தில்லை.

30 பேருக்கு 700 கிராம் மா காணும். முதல் நாள் பின்னேரம் வாளியில போட்டு நாலு லீற்றர் தண்ணி விட்டுக் கையால கரையும். தும்பு மேல மிதக்கும், அள்ளி எறியும். ஒரு அரை மணித்தியாலத்தில மா அடியில இருந்திடும், மேல தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒரு தண்ணி நிக்கும். வாளியைக் குலுக்காமல் சரிச்சு அதை ஊத்திப்போட்டுப் புதுத் தண்ணி விடும். நான் படுக்கப் போக முதல் ரெண்டு தரம், விடிய எழும்பின கையோட ஒருக்கா மாத்துவன். விடியக் கை விட்டுப் பார்த்தால் மா ஈரக் கடல்மண் மாதிரி இறுகிக் கிடக்கவேணும், விரல் பட்ட இடம் பள்ளமாவே நிக்கும். அதுதான் பதம். ஊத்திற தண்ணியோட சத்தும் போகுதெல்லோ எண்டு வீட்டில ஆரும் சொல்லுவினம், காதில விழுத்தாதையும். உடம்புக்கு ஆகாததுதான் அதில போகுது. ஆவணி வெக்கையில வாளியைக் குசினிக்குள்ள விட்டால் புளிச்சிடும், நிலக்கீழ் அறையில வையும்.

கொட்டை கல்லானது புளியால. புளி விழுந்த பானையில கொட்டையும் கிழங்கும் லேசில அவியாது. ஆனபடியால் கடுஞ்சாமானெல்லாம் முதல் வெறும் தண்ணியில அவியவேணும்.

நான் செய்யிற முறை இதுதான். பாரைத் தலை, இல்லாட்டிக் கலவாய்த் தலை ரெண்டு மூண்டை எட்டு லீற்றர் தண்ணியில அரை மணித்தியாலம் அவிச்சு வடிச்சுப்போட்டு முள்ளை எறிஞ்சிடுவன். கனடாப் பிள்ளையளுக்கு முள்ளு எடுக்கத் தெரியாது, பிறகு கூழை விட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும். அந்த வடிச்ச தண்ணிக்குள்ள மஞ்சள், அரைச் சுண்டு (அரைப் பால்பேணியளவு) சிவப்பரிசி, தோல் நீக்கிப் பாதியா வெட்டின பலாக்கொட்டை ஒரு 50. கால் மணித்தியாலத்தால மரவள்ளிக்கிழங்கு ரெண்டு றாத்தல் (பவுண்) சின்னத் துண்டா, மூடாமல் அவிய விடும். கிழங்கு பாதி வெந்த பிறகு பயத்தங்காய். கொட்டையை எடுத்து நகத்தால அமத்தினால் உடையவேணும். உடையும் மட்டும் புளியைப் பானைக்குக் காட்டாதையும்.

மச்சாளின்ர பங்கை இந்த இடத்தில எடும். இன்னும் நண்டு விழேல்லை, மீன் சாறு மட்டும்தான் இருக்கு. ஒரு சின்னப் பானையில அள்ளிக்கொண்டுபோய் உள்ளுக்குள்ள அடுப்பில வைச்சு, அவவின்ர மாவையும் மீனையும் அதுக்குள்ள போட்டு முடியும். அகப்பையும் வேற, கோப்பையும் வேற. பெரிய பானையில துழாவின அகப்பையை மறந்துபோய் அதுக்குள்ள விட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

பிறகு நண்டு ஆறு றாத்தல். சீனக் கடையில உயிரோட வாங்கினால் அண்டைக்கே துப்பரவாக்கும், செத்து மணிக்கணக்காக் கிடந்த நண்டு கூடாது. ஓட்டைக் கழட்டிப் பஞ்சை எடுத்து, உடம்பை ரெண்டாப் பிளந்து, பெரிய காலை மட்டும் மெல்லமாத் தட்டி வெடிக்கப் பண்ணும். எட்டு நிமிசம் கொதிக்கட்டும்.

அடுத்ததில ஊர்ப்பட்ட ஆக்கள் என்னோட சண்டைக்கு வருவினம். கனபேர் மீன், இறால், கணவாய் எல்லாத்தையும் போட்டுப்போட்டுத்தான் கடைசியா மாவை விடுவினம். மா வேக ஒரு பத்து நிமிசம் துழாவவேணும், அதுக்குள்ள மீன் பஞ்சாப் போகும், இறால் ரப்பராகும். உமக்கு நடந்தது அதுதான். நான் நண்டுக்குப் பிறகு நேர மாவுக்குப் போயிடுவன். செத்தல் மிளகாய் 40 (பிள்ளையள் இருந்தால் 30, பாதிக்கு விதை தட்டினது) சுடுதண்ணியில ஊறவைச்சு மையா அரைச்சது, 150 கிராம் பழப்புளிக் கரைசல், ஊறின மா, மூண்டையும் ஒண்டாக் கரைச்சு மெல்லிசா ஊத்திக்கொண்டு மற்றக் கையால துழாவும். நெருப்பைப் பாதிக்குக் கீழ குறையும். இனி அகப்பை நிக்கக் கூடாது, அடியைச் சுரண்டித் துழாவவேணும்.

முதலில சிவத்தத் தண்ணியில மினுக்கம் இருக்கும், சின்னச் சின்னக் குமிழ் வரும். பிறகு மினுக்கம் போய் மங்கும், குமிழ் பெரிசாகி "புளுக் புளுக்" எண்டு தெறிக்கும். தெறிச்சது கையில பட்டால் கொப்புளம்தான், நீளக் கைச்சட்டை போட்டுக்கொண்டு நில்லும். பச்சை மா மணம் போனாப்பிறகு துண்டு மீன் நாலு றாத்தல், இறால் ரெண்டரை, கணவாய் ஒண்டரை. அஞ்சாறு நிமிசம், மெல்லமா ஒரு பிரட்டு. உப்பு இப்பதான். முருங்கை இலை ரெண்டு கை (ஓம், என்ர கை), அடுப்பை நிப்பாட்டும்.

தேங்காய்ச் சொட்டு வெட்டி வைக்க மறக்காதையும், அது இல்லாத கூழ் வெறும் சூப்பு.

ஹூஸ்டன்காரன்:

அண்ணே, நான் ராமநாதபுரம் பக்கம். பனங்கிழங்கை அவிச்சு, நாரு உரிச்சுத் தின்னதோட சரி, பச்சையாக் காயவச்சு மாவாக்கி மீனோட காய்ச்சுவாங்கன்னு இப்பத்தான் கேள்விப்படுறேன்.

இங்க பக்கத்துல லூசியானாக்காரங்க இதே மாதிரி ஒண்ணு பண்ணுவாங்க. பெரிய பானை, அதே காஸ் அடுப்பு, கிராஃபிஷ், சோளக்கதிர், உருளைக்கிழங்கு, காரமான மிளகாய்த்தூள். வெந்ததும் தண்ணிய வடிச்சிட்டு மேசை மேல பேப்பரை விரிச்சு மொத்தமாக் கொட்டிருவாங்க, எல்லாரும் சுத்தி நின்னு உரிச்சுச் சாப்பிடுவாங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணியக் கீழ ஊத்தும்போது மனசு ஆறாது. நீங்க அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறீங்கன்னு தெரிஞ்சதும் சந்தோஷம். ஒரு சந்தேகம்: ஒடியல் மா கிடைக்கலைன்னா அரிசி மாவு போடலாமா?

லண்டன் அக்கா:

ஹூஸ்டன் தம்பி, போடலாம், நல்ல மீன் கஞ்சி வரும். ஒடியற் கூழ் வராது. அந்த மாவில ஒரு நார் மணமும் மெல்லிய கைப்பும் இருக்கு, முழுக்கக் கழுவினாலும் நுனி நாக்கில நிக்கும். அதுக்குத்தான் நாங்கள் சாகிறது.

பாசையூரான் அண்ணை சண்டைக்கு வருவினம் எண்டு சொன்னவர், வந்திட்டன். மீன் கரைஞ்சு கூழோட கூழாப் போறதில என்ன பிழை? எங்கட வல்வெட்டித்துறைப் பக்கம் சின்ன மீனெல்லாம் முதலே போட்டுக் கரைய விடுவம். வடிவாத் துண்டு துண்டா மீன் வேணுமெண்டால் குழம்பு வையுங்கோ. இறாலைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் சரி.

வரணிப்பெடி, மரவள்ளி போடுறபடியால் இஞ்சி கிட்டவும் வரக்கூடாது எண்டு வாற மாமிமார் ஆரும் சொல்லுவினம். கூழுக்கு இஞ்சி தேவையில்லை, விட்டிடுங்கோ, சண்டையும் மிச்சம். மிஞ்சினால் பானையோட வெளியில விடாதேங்கோ. இவ்வளவு தடிப்பான சாமான் உள்ளுக்க ஆறக் கன நேரம் எடுக்கும், தட்டையான பாத்திரங்களில பிரிச்சு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள பிரிட்ஜில வையுங்கோ. அடுத்த நாள் இறுகிப்போய் இருக்கும், சுடுதண்ணி விட்டு இளக்கிக் கொதிக்க வைச்சுக் குடிச்சால் முதல் நாளைவிட நல்லாயிருக்கும்.

வரணிப்பெடி:

நேற்று முடிஞ்சுது. எல்லாருக்கும் நன்றி.

மா நாலு தரம் தண்ணி மாத்தினன், பயத்தில. கைப்பு அறவே இல்லை, "என்னடா இது கொஞ்சமும் கைக்கேல்லை" எண்டு பெரியப்பா குறை சொன்னார். அடுத்த முறை மூண்டு தரம். கொட்டை நல்லா அவிஞ்சுது. மச்சாளின்ர பானையை அம்மா தன்ர பொறுப்பில எடுத்து, அதுக்குக் காவலும் நிண்டவ. மீனைப் பாசையூரான் அண்ணை சொன்ன மாதிரிக் கடைசியாத்தான் போட்டன், ஆனால் லண்டன் அக்காவுக்காக ஒரு றாத்தல் சின்னச் சூடை மீனை முதலே கரைய விட்டனான். ரெண்டு பேரும் கோவிக்கக் கூடாது. ஒருக்கா முள்ளு வடிச்சது போதாமல் சூடை முள்ளும் ஒருக்கா வடிக்கவேண்டி வந்துது, அது வேற.

ஒரு பிழை நடந்தது. மா விட்டுத் துழாவேக்க மொன்றியல் பெடியன் பந்தை அடுப்புக்குக் கிட்ட அடிச்சிட்டான். அவனைப் பிடிக்க ஓடி, ரெண்டு நிமிசம்தான் இருக்கும், அகப்பையை விட்டிட்டன். கதிரையில இருந்த அப்பா திரும்பிக்கூடப் பாக்கேல்லை, "டேய், சத்தம் மாறிட்டுது" எண்டார். வந்து அகப்பையை விட்டால் அடியில ஒட்டுது. நான் சுரண்டப் போக அப்பா கத்தின கத்தில பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால எட்டிப் பார்த்தார். சுரண்டினால் கருகல் மணம் முழுக்கக் கலந்திடுமாம். நெருப்பை நிப்பாட்டி, நாலு பேர் பிடிச்சு, அடியில தொடாமல் மேலால வாற கூழை மட்டும் அந்த அலுமினியப் பானைக்கு மாத்தினம். கடைசியில அதுவும் உதவிச்சுது. மீன், இறால் எல்லாம் அதுக்குள்ள போட்டு முடிச்சு, தகரச் சுவை வர முதல் குடிச்சு முடிச்சிட்டினம்.

கூழ் குடிக்கிற பிளா மடிக்க இஞ்ச பனையோலைக்கு எங்க போறது, சிரட்டை 12 தான் இருந்தது. பெரியாக்களுக்குச் சிரட்டை, மற்ற ஆக்களுக்குப் பேணி. அள்ளிக் குடிக்க ஒரு பலாவிலையும் கிடைக்கேல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு பேணி குடிச்சுப்போட்டு மூக்கைத் துடைச்சுத் துடைச்சு மூண்டாவது கேட்டவர்.

அப்பா ஒண்டும் சொல்லேல்லை. சிரட்டையை நீட்டினார், விட்டன், திரும்ப நீட்டினார்.

ஒரு கேள்வி. அந்த எவர்சில்வர் பானை நேற்றில இருந்து ஊறுது, அடி கறுப்பு அப்பிடியே நிக்குது. என்ன செய்யலாம்?

பாசையூரான்:

நாலு விரல் தண்ணி விட்டு, அப்பச்சோடா ரெண்டு மேசைக்கரண்டி போட்டுக் கால் மணித்தியாலம் கொதிக்க வையும். ஆறவிட்டு மரக்கரண்டியால தட்டினால் பாளமா எழும்பும். கம்பிப் புரியால தேய்ச்சுப்போடாதையும், கீறு விழும். ஆற்ர பானை?

வரணிப்பெடி:

மாமியின்ர. அவவுக்கு இன்னும் சொல்லேல்லை.